முகாமுக்குப் பெயர் கொடுக்கும் தம்பி தங்கைகளுக்கு

மே மாதம் பிறந்துவிட்டால் திருநெல்வேலிப் பக்கத்துச் சபைகளில் வாலிபர்களுக்கு ஓய்வு கிடையாது. வி.பி.எஸ். என்கிற விடுமுறை வேதாகமப் பள்ளிப் பாட்டு, கன்வென்ஷன் பந்தல், சபையார் எல்லாரும் சேர்ந்து சாப்பிடும் அசனத்துக்குக் காய் நறுக்குவது என்று ஏதாவது ஒரு வேலை இருந்துகொண்டே இருக்கும். சில சேகரங்கள், அதாவது ஒரே ஐயரின் பொறுப்பில் இருக்கும் சபைத் தொகுதிகள், சேர்ந்து மாற்றுத்திறனாளிகளுக்கும் அவர்கள் குடும்பங்களுக்கும் பாளையங்கோட்டையில் நடத்தும் கோடை முகாமும் அந்த வேலைகளில் ஒன்று. கல்லூரியில் படிக்கும்போது நான் அதில் ஊழியம் செய்யப் போனேன். இப்போது அங்கே வரும் புதுப் பிள்ளைகளைப் பழக்கும் பொறுப்பு என்னிடம் இருக்கிறது. இந்த வருடம் பெயர் கொடுக்க நினைக்கிறவர்களுக்காகவும், அவர்களை அனுப்பிவைக்கும் பெரியவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

"அன்பு இருந்தால் போதும், மற்றதை ஆண்டவர் பார்த்துக்கொள்வார்" என்று சொல்லிப் பிள்ளைகளை அனுப்பும் வழக்கம் நம்மிடம் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. மல்லாந்து படுத்திருப்பவர் வாயில் அவசரமாகத் தண்ணீர் ஊற்றப் போவதும், கேட்காமலேயே சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு ஓடுவதும் அன்புள்ள பிள்ளைகள்தான். முகாமுக்கு முன்னால் ஒரு முழுநாள் பயிற்சிக்கு வராதவர்களை நாங்கள் சேர்ப்பதில்லை. சபைப் போதகரான ஐயரே சிபாரிசு செய்தாலும் இதுதான் நடைமுறை.

பாளையங்கோட்டைக்கு இந்த ஊழியம் புதிதில்லை. ஆஸ்க்வித் அம்மையார் தொடங்கிய பார்வையற்றோர் பள்ளியும், ஃபிளாரன்ஸ் ஸ்வெய்ன்சன் அம்மையார் தொடங்கிய காதுகேளாதோர் பள்ளியும் பத்தொன்பதாம் நூற்றாண்டு முடிவதற்குள்ளேயே இங்கே வந்துவிட்டன. கையால் பேசிக்கொண்டு கடைத்தெருவில் போகிற பிள்ளைகளைப் பார்த்தே வளர்ந்தவர்கள் நாம். வெறும் இரக்கத்தை வைத்து அந்தப் பள்ளிகள் இத்தனை தலைமுறை ஓடியிருக்காது. எழுத்தும் கைத்தொழிலும் சொல்லிக்கொடுக்கத் தெரிந்தவர்கள் அங்கே இருந்தார்கள். தென்காசிப் பக்கம் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கத்தை 1981-ல் தொடங்கிய எஸ். ராமகிருஷ்ணன், 1975-ல் கடற்படை அதிகாரித் தேர்வின்போது அடிபட்டுக் கழுத்துக்குக் கீழே அசைவை இழந்தவர். உதவி வாங்குகிற இடத்தில்தான் இப்படிப்பட்டவர்கள் இருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டு வரும் பிள்ளைகளுக்கு முதலில் அவரைப் பற்றித்தான் சொல்வேன். எங்கள் முகாம் கமிட்டியிலும் சக்கர நாற்காலியில் வரும் ஓர் அண்ணனும், பார்வையில்லாத ஓர் ஆசிரியை அக்காவும் இருக்கிறார்கள். இடம் பார்க்கப் போவது முதல் சாப்பாட்டுப் பட்டியல் வரை அவர்கள் சரி என்று சொல்லாமல் எதுவும் முடிவாகாது.

இடம் என்றதும் ஒன்றைச் சொல்ல வேண்டும். விடுமுறைக்குக் காலியாகும் பள்ளி விடுதிகள்தான் நமக்குக் கிடைக்கும். பழைய கட்டடங்கள். வெயிலுக்கு நல்ல குளிர்ச்சி, ஆனால் வராண்டாவுக்கு ஏறவே உயரமான படிகள். ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளச் சரிவு என்பதுதான் சாய்தளத்துக்கான கணக்கு. அதைவிடச் செங்குத்தாகப் பலகையைச் சாய்த்து வைத்தால் ஏறும்போது தள்ளுகிறவருக்குத் திணறும், இறங்கும்போது உட்கார்ந்திருப்பவருக்கு உயிர் போகும். எங்கள் சபையில் ஓர் ஆசாரி அண்ணன் தடித்த ஒட்டுப்பலகையில் மடக்கி எடுத்துப்போகிற மாதிரி ஒரு சாய்தளம் செய்து கொடுத்தார். அதில் இறக்கும்போது நாற்காலியைத் திருப்பிப் பின்பக்கமாக இறக்குங்கள். முன்பக்கமாக இறக்கினால் ஆள் சரிந்து விழ வாய்ப்பு உண்டு.

அடுத்தது கழிப்பறை. முகாமின் பாதி வெற்றி இதில் இருக்கிறது, இதை நான் மிகைப்படுத்திச் சொல்லவில்லை. நடக்க முடியாதவர்கள், அதிலும் பெண்கள், வெளியூர் கிளம்பினால் தண்ணீர் குடிப்பதையே குறைத்துவிடுவார்கள். யாரிடமாவது கேட்க வேண்டுமே, தூக்கச் சொல்ல வேண்டுமே என்ற கூச்சம். அக்னி நட்சத்திர வெயிலில் இப்படி இருந்தால் மயக்கம், நீர்க்கடுப்பு, காய்ச்சல் எல்லாம் வரிசையாக வரும். அவர்களிடம் போய் "தண்ணி குடிங்க, தண்ணி குடிங்க" என்று கெஞ்சிப் பயனில்லை. படுக்கிற அறைக்குப் பக்கத்திலேயே நாற்காலி நுழைகிற அகலத்தில் கதவு, உட்காரும் கோப்பை, பிடித்துக்கொள்ளக் கம்பி, கூப்பிட்ட உடனே வரும் ஓர் அக்கா, இவ்வளவும் இருந்தால் அவர்களாகவே குடிப்பார்கள். வசதி இல்லாத இடங்களில் நடுவில் துளையிட்ட நாற்காலியை இந்தியக் கழிப்பறைக்கு மேல் போட்டுச் சமாளித்திருக்கிறோம். அது ஆடாமல் நிற்கிறதா என்று நீங்களே ஒருமுறை உட்கார்ந்து பார்த்துவிட்டுத்தான் அடுத்தவரை உட்கார வைக்க வேண்டும்.

முகாமுக்கு வரும் ஒவ்வொருவருக்கும் ஒரு தாள் எழுதி வைப்போம். வீட்டுக்கே போய்ப் பேசி எழுதுவது நல்லது. மருந்து என்ன, எத்தனை மணிக்கு, வலிப்பு வருமா, எப்படிச் சாப்பிடுவார், எந்தச் சத்தத்துக்குப் பயப்படுவார். இவற்றோடு இன்னும் இரண்டு கேள்விகள் உண்டு. "ஆமா" என்பதை எப்படிச் சொல்வார், "வேண்டாம்" என்பதை எப்படிச் சொல்வார். பேச்சு வராத ஒரு தங்கச்சி கண்ணை மேலே உயர்த்தினால் ஆமா, உதட்டை இறுக்கினால் வேண்டாம். அவள் அம்மாவுக்கு மட்டும் தெரிந்த இந்த மொழி தாளில் ஏறியதால்தான், முதல் நாள் காலையிலேயே பத்தொன்பது வயதுப் பிள்ளை ஒருத்தி அவளிடம் "தலைக்கு எண்ணெய் வைக்கட்டுமா?" என்று கேட்டுப் பதில் வாங்க முடிந்தது.

பதில் வரும்வரை காத்திருக்கிறதுதான் வாலிபர்களுக்குக் கஷ்டம். களக்காட்டுப் பக்கத்திலிருந்து வரும் ஓர் அண்ணனுக்கு மூளை முடக்குவாதம். பேச்சு தெளிவாக வராது, படிப்பு நன்றாக வரும். மடியில் ஓர் எழுத்துப் பலகை வைத்திருப்பார். மேல் வரிசையில் உயிர் எழுத்துகள், கீழே மெய் எழுத்துகள். மெய்யைத் தொட்டு அப்புறம் உயிரைத் தொட்டால் ஓர் எழுத்து. மடங்கிய பெருவிரலின் கணுவால் தொடுவார். கை இழுத்துக்கொண்டு போகும், திரும்பக் கொண்டுவருவார். ஒரு மதியம் அவர் ம், ஈ, ன் என்று தொட்டதும் பக்கத்தில் இருந்த தம்பி துள்ளி எழுந்துவிட்டான். "அக்கா, அண்ணன் மீன் கேக்காங்க" என்று சமையற்கட்டுக்கு ஓடப் பார்த்தான். அண்ணன் பலகையை ஓங்கித் தட்டினார். உட்கார வைத்தேன். மறுபடி தொடங்கினார். ம், உ, ள். அப்புறம் ப், அ, ய், அ, ம். "மீன் முள் பயம்."

விழுங்குவதில் சிரமம் உள்ளவருக்கு மீன் முள் என்றால் உயிர்ப் பயம். அன்று ராத்திரி வைக்க இருந்த மீன் குழம்பை நிறுத்திவிட்டு, முள் எடுத்த மீனைத் தனியாகப் பிசைந்து வைத்தோம். அவரை முடிக்க விட்டதால் அன்றைக்கு எல்லார் பந்தியும் பத்திரமானது. அவர் வாக்கியத்தை நீங்களாக முடிக்காதீர்கள். கூட வந்தவரிடம் "இவங்க சாப்பிட்டாங்களா?" என்று கேட்காமல் அவரிடமே கேளுங்கள். நாற்பது வயதுக்காரரைக் கன்னத்தைக் கிள்ளி "செல்லம்" என்று கொஞ்சாதீர்கள். உங்கள் ஊரில் அந்த வயதுக்காரரை அண்ணாச்சி என்று கூப்பிட்டால் இவரும் அண்ணாச்சிதான்.

ஊட்டிவிடும்போது நிமிர்ந்து உட்கார வைத்துத்தான் ஊட்ட வேண்டும். நீங்கள் நின்றுகொண்டு ஊட்டினால் அவர் முகத்தை அண்ணாந்து வாங்குவார், அப்போது சோறு மூச்சுக்குழாய்க்குள் போகும். அதனால் அவர் கண் மட்டத்தில் உட்காருங்கள், அவர் தாடை சற்றுக் கீழே இருக்கட்டும். சின்னக் கரண்டி, பாதியளவு. விழுங்கியதைத் தொண்டையில் பார்த்தபிறகு அடுத்த வாய். உளுந்தஞ்சோற்றைக் குழைய வேகவைத்து நெய் விட்டுப் பிசைந்தால் பலருக்கு எளிதாக இறங்கும். தண்ணீர்தான் ஆபத்து, அது சட்டென்று வழுக்கிக்கொண்டு போகும். சிலருக்குக் கஞ்சிப் பதத்தில்தான் எதையும் கொடுக்க வேண்டும், தாளைப் பாருங்கள். சாப்பிட்டதும் படுக்க வைக்காமல் அரைமணி நேரம் உட்கார்ந்தே இருக்கட்டும். ஊட்டுகிறபோது சிரிப்பு காட்ட வேண்டாம். எனக்கும் சிரிக்க வைக்கப் பிடிக்கும், அதைச் சாப்பாடு முடிந்தபிறகு வைத்துக்கொள்வேன்.

வலிப்பு வந்தால் நம் ஆட்களுக்குக் கையும் ஓடாது காலும் ஓடாது, உடனே சாவிக்கொத்தைத் தேடுவார்கள். ஒரு சாயங்கால ஆராதனையில் பையன் ஒருவனுக்கு வந்தது. பயிற்சி எடுத்த தம்பி ஒருவன் பக்கத்தில் இருந்தான். நாற்காலிகளைத் தள்ளிவிட்டு, தலைக்கு அடியில் துண்டை மடித்து வைத்து, சட்டைப் பொத்தானைத் தளர்த்தி, மணியைப் பார்த்தான். இழுப்பு அடங்கியதும் ஒருக்களித்துத் திருப்பினான். அதற்குள் ஒரு பெரியவர் இரும்புச் சாவியோடு வந்துவிட்டார். "தாத்தா, சாவி வேண்டாம், விசிறி விடுங்க" என்று பக்குவமாகச் சொல்லி அவருக்கும் ஒரு வேலை கொடுத்தான். அந்தப் பக்குவத்தை நான் எந்தப் பயிற்சியிலும் சொல்லிக்கொடுத்தது இல்லை. வாயில் கரண்டி, துணி, விரல் எதுவும் வைக்கக் கூடாது. கைகால்களை அழுத்திப் பிடிக்கக் கூடாது. முழு நினைவு வரும்வரை தண்ணீரும் கூடாது. ஐந்து நிமிடத்தைத் தாண்டினாலோ, நினைவு திரும்பாமல் அடுத்தது வந்தாலோ 108. ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனைக்கு எந்த வழியாகப் போவது, யார் கூடப் போவது என்பதை முதல் நாளே பேசி வைத்துவிடுவோம். தூக்கம் கெடுவதும் மாத்திரை தவறுவதும் வலிப்பைக் கொண்டுவரும். அதனால் முழு இரவு ஜெபத்தை எங்கள் முகாமில் வைப்பதில்லை. இதற்காகச் சிலருக்கு எங்கள் மேல் வருத்தம் இருந்தது, அவர்களிடம் உட்கார்ந்து காரணத்தைச் சொன்னோம்.

தண்டுவடம் அடிபட்டவர்களைப் பற்றித் தனியாகச் சொல்கிறேன், ஏனென்றால் வெளியிலிருந்து பார்த்தால் இவர்களுக்கு எதுவுமே தேவையில்லை போலத் தெரியும். உணர்ச்சி இல்லாத இடத்தில் புண் வந்தால் வலிக்காது, தெரியவும் தெரியாது. பிரசங்கம் நீளும்போது அரைமணிக்கு ஒருமுறையாவது அவர்கள் கையூன்றி உடம்பைத் தூக்கவோ சாயவோ இடம் கொடுங்கள். படுக்கையில் இரண்டு மணிக்கு ஒருமுறை திரும்ப வேண்டும். காயம் நெஞ்சுக்கு மேலே இருந்தால் அதற்குக் கீழே வியர்வை சரியாக வராது, வெயிலில் உடம்பு சூடேறிவிடும். ஈரத்துண்டு எப்போதும் கைவசம் இருக்கட்டும். அப்படிப்பட்ட ஒருவர் திடீரென்று தலை வெடிக்கிற மாதிரி வலிக்கிறது என்றால், முகம் சிவந்து வியர்த்தால், படுக்க வைக்காதீர்கள். நிமிர்த்தி உட்கார வையுங்கள், சிறுநீர்க் குழாய் மடங்கியிருக்கிறதா, பை நிரம்பியிருக்கிறதா என்று பாருங்கள், உடனே நர்ஸ் அக்காவைக் கூப்பிடுங்கள். ரத்த அழுத்தம் தாறுமாறாக ஏறுவதன் அடையாளம் அது.

பார்வையில்லாதவரைக் கைபிடித்து இழுக்காமல் உங்கள் முழங்கையைக் கொடுங்கள், அரை அடி முன்னால் நடங்கள், படி ஏற்றமா இறக்கமா என்று சொல்லுங்கள், விட்டுப் போகும்போதும் சொல்லிவிட்டுப் போங்கள். காது கேளாதவரிடம் வெளிச்சம் உங்கள் முகத்தில் விழும்படி நின்று பேசுங்கள்.

பாட்டுச் சத்தம் எங்கள் பக்கம் ஒரு பெரிய விஷயம். கீபோர்டு, டிரம்ஸ், நாலு பக்கமும் பெட்டி இல்லாவிட்டால் கூட்டம் போலவே இருக்காது என்பார்கள். ஆட்டிசம் உள்ள பிள்ளைகள் சிலருக்கு அந்தச் சத்தம் உண்மையாகவே வலிக்கும். காதைப் பொத்திக்கொண்டு கத்துகிற பிள்ளையைப் பார்த்து ஒருவர் ஜெபிக்க வேண்டும் என்று முன்னால் வந்தார். அந்தப் பிள்ளைக்குத் தேவைப்பட்டது அமைதியான ஓர் அறை. இப்போது டிரம்ஸ் கிடையாது, கஞ்சிராவும் கைத்தட்டும்தான். ஓர் அறையில் பாய் விரித்து, விளக்கைக் குறைத்து, விசிறியை மட்டும் ஓடவிட்டு வைத்திருப்போம். அடுத்து என்ன நடக்கும் என்பதைப் படமாக வரைந்து சுவரில் ஒட்டுவோம். குளியல், இட்லி, பாட்டு, விளையாட்டு, தூக்கம். அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துவிட்டு நிம்மதியாகும் பிள்ளைகள் இருக்கிறார்கள். நண்பகல் முதல் நாலு மணி வரை நிகழ்ச்சியே வைப்பதில்லை, வெயில் அப்படி.

ஜெபத்தைப் பற்றிச் சொல்லாமல் முடியாது. நான் ஜெபத்தில் நம்பிக்கை உள்ளவள். ஆனால் கேட்காமல் ஒருவர் தலையில் கை வைத்து "விசுவாசித்தால் எழுந்து நடப்பாய்" என்று சொல்வதை எங்கள் முகாமில் அனுமதிப்பதில்லை. நடக்க முடியாத பிள்ளையின் அம்மா, அவன் பிறந்த நாள் முதல் அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். நடக்கவில்லை என்றால் தன் விசுவாசம்தான் குறை என்று தினமும் ராத்திரி அழுதுகொண்டிருக்கிறாள். பிறவியிலேயே பார்வையில்லாதவனைக் காட்டி யார் பாவம் என்று சீஷர்கள் கேட்டபோது, இவனும் இல்லை, பெற்றவர்களும் இல்லை என்று இயேசு சொன்னது யோவான் ஒன்பதாம் அதிகாரத்தில் இருக்கிறது. பர்திமேயு கூப்பிட்டபோதும், நான் உனக்கு என்ன செய்ய வேண்டும் என்று அவனிடம்தான் கேட்டார். பார்வையில்லாதவனுக்கு என்ன வேண்டும் என்பது ஆண்டவருக்குத் தெரியாததா? ஆனாலும் கேட்டார். நீங்களும் "எதுக்காக ஜெபிக்கட்டும்?" என்று கேளுங்கள். பெரும்பாலும் வேலைக்காக, தங்கச்சி கல்யாணத்துக்காக, பரீட்சைக்காக என்றுதான் சொல்வார்கள்.

குளிப்பாட்டுவது, உடை மாற்றுவது எல்லாம் ஆணுக்கு ஆண், பெண்ணுக்குப் பெண். எப்போதும் இரண்டு பெரியவர்கள் சேர்ந்துதான். பதினெட்டு வயது நிரம்பாத வாலிபர்களை இந்த வேலைக்கு விடுவதே இல்லை. அந்த நேரத்தில் போன் வெளியே இருக்கட்டும். முகாம் படத்தை ஸ்டேட்டஸில் போடுவதானால் படத்தில் இருப்பவர் சம்மதிக்க வேண்டும். ஒரு பிள்ளை தன்னிடம் யாரோ தவறாக நடந்ததாகச் சொன்னாலோ, உங்களுக்கே சந்தேகம் வந்தாலோ, சபை மானம் போகும் என்று மூடி வைக்க யாருக்கும் உரிமை இல்லை. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி சொல்லாமல் மறைப்பதே குற்றம்.

பெற்றோரைப் பற்றி எவ்வளவு எழுதினாலும் போதாது. நாங்குநேரிப் பக்கத்து அம்மா ஒருவர் முதல் ராத்திரி என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ பாத்துக்கிடுவியாம்மா? நான் செத்த ஒறங்கட்டுமா?" என்று கேட்டார். மகனுக்கு இருபது வயது. ராத்திரியில் அவனைத் திருப்பிப் போட இத்தனை வருடமாக எழுந்துகொண்டே இருப்பவர். மறுநாள் காலை மணி அடித்தும் அவர் எழவில்லை, யாரும் எழுப்பவும் இல்லை. அவரைத் தூங்க விட்டதை அந்த முகாமின் பெரிய ஊழியமாக நான் நினைக்கிறேன்.

தாய்மார்கள் தங்களுக்குள் பேசும்போது கடைசியில் வந்து நிற்கும் கேள்வி ஒன்றுதான்: "நமக்குப் பொறவு இவன யாரு பாப்பா?" இதற்கு முழுப் பதில் எங்களிடம் இல்லை. கையில் இருக்கும் வழிகளைக் காட்டலாம். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்றிருக்கிறது. முன்பு அட்டை மறுக்கப்பட்ட சிலர் இப்போது விண்ணப்பிக்க முடியும். மாற்றுத்திறனாளிகளுக்கான யூ.டி.ஐ.டி. அடையாள அட்டைக்குப் போனிலேயே பதியலாம், நம் வாலிபர்களுக்கு அது பெரிய வேலையே இல்லை. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பன்முகக் குறைபாடு உள்ளவர்களுக்கு தேசிய அறக்கட்டளையின் நிராமயா மருத்துவக் காப்பீட்டில் ஒரு லட்சம் ரூபாய் வரை உண்டு. பதினெட்டு வயதுக்கு மேல் சட்டப்படிக் காப்பாளர் நியமிக்க ஆட்சியர் தலைமையிலான குழுவில் மனு கொடுக்க வேண்டும். முகாமில் ஒரு மதியம் முழுவதையும் இதற்கென்று ஒதுக்கி, பிள்ளைகளை ஆளுக்கொரு குடும்பத்தோடு உட்கார வைக்கிறோம். அடுத்த வாரம் அந்த மனு என்ன ஆனது என்று அதே பிள்ளை போன் பண்ணிக் கேட்க வேண்டும். கேட்காத பிள்ளைகளை அடுத்த வருடம் நான் யோசித்துத்தான் சேர்ப்பேன்.

கடைசி நாள் அசனம். முன்பெல்லாம் எல்லாரும் தரையில் பந்தியில் உட்கார, சக்கர நாற்காலிக்காரர்களுக்குச் சுவரோரம் தனி மேசை போடுவார்கள். மரியாதைக்காகத்தான் செய்தார்கள், ஆனால் அவர்கள் முகம் சுவரைப் பார்த்து இருக்கும். கமிட்டி அண்ணன் ஒரு கூட்டத்தில் எழுந்து, "எங்களையும் பந்தியில வைங்க" என்று மட்டும் சொன்னார். இப்போது எல்லாருக்குமே பெஞ்சும் மேசையும், வரிசைக்கு நடுநடுவே நாற்காலி நுழைய இடைவெளி. ஆட்டுக்கறிக் குழம்பு வாளியோடு பரிமாறுகிறவர்களில் டவுன் சிண்ட்ரோம் உள்ள ஒரு தம்பியும் உண்டு. கேட்டதற்கு மேலே ஒரு கரண்டி ஊற்றுவான். அவன் வரிசைக்குத்தான் போட்டி.

மடக்குச் சாய்தளம் முகாம் முடிந்ததும் எங்கள் ஆலய வாசலுக்கு வந்துவிட்டது. முட்டுவலிக்கார ஆச்சிமார் அதில் ஏறிப் பழகிவிட்டார்கள், எடுக்கவே விடவில்லை. அதனால் சிமெண்டிலேயே நிரந்தரமாகக் கட்டியாயிற்று. கைப்பிடி மட்டும் இன்னும் வைக்கவில்லை. ஜூன் மாதக் கமிட்டியில் அதற்குப் பணம் கேட்கப் போகிறோம், வெல்டிங் தெரிந்த வாலிபர்கள் இருந்தால் வாருங்கள்.